யாழ்ப்பாணம் பக்கந்தான், மீனம்பாக்கம்தான் தூரம்

"சார், டொமஸ்டிக்கா, இன்டர்நேஷனலா?" என்று கத்திப்பாரா நெரிசலில் வைத்து டாக்சிக்காரர் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "அப்ப இருநூறு சேத்துக் குடுங்க சார்."

"அண்ணே, மதுரையவிடப் பக்கம்ணே அது."

"பாஸ்போர்ட் இருக்குல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? கொடுத்தேன். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

நான் சொன்னதில் பொய் இல்லை. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி 355 கிலோமீட்டர்தான் வரும். மதுரை விமான நிலையம் 420-ஐ ஒட்டி. சென்னைக்கு நேர் தெற்கே, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில் யாழ்ப்பாணம் இருக்கிறது. பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. இதைப் பார்த்து மயங்கித்தான் பதிவு செய்தேன்.

பெரம்பூரில் வீட்டுக் கதவைப் பூட்டியது காலை ஒன்பதரை. யாழ்ப்பாணம் நல்லூரில் நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது மாலை நாலே முக்கால். ஏழேகால் மணி நேரம்! எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறியிருந்தால் ஏறக்குறைய இதே நேரத்தில் 493 கிலோமீட்டர் தண்டவாளம் கடந்து மதுரை போயிருக்கலாம், வழியில் வடையும் கிடைத்திருக்கும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். செக்-இன் வரிசை, குடியேற்ற வரிசை, பாதுகாப்பு வரிசை. உள்ளே ஒரு காபி வாங்கினேன். விலையைச் சொன்னால் அம்மா திட்டுவாள், விடுங்கள்.

ஆனால் விமானம்! சின்ன ஏடிஆர், காற்றாடி வைத்தது. பின்பக்கக் கதவில் ஏற வேண்டும், பஸ் ஏறுகிற மாதிரியே இருக்கிறது. இறக்கை மேலே இருப்பதால் எந்த சன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தெரியும். போகும்போது வலப்பக்கம் கேளுங்கள். கரை நம்மோடு கொஞ்ச தூரம் வந்து, அப்புறம் விலகி, வெறும் கடல் மட்டும் மிஞ்சுகிறது. சரி, அடுத்து என்ன என்று பார்ப்பதற்குள் பனைமரங்கள் வந்துவிட்டன. இந்த வகை விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போல போகும், முக்கால் மணியில் முடிய வேண்டிய தூரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, சுற்றி இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் ஒன்றேகால் ஆகிறது.

பக்கத்து இருக்கை அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "முந்தியும் இஞ்சயிருந்து மெட்ராசுக்கு பிளேன் ஓடினது தம்பி" என்றார். உண்மைதான். 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்புப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாக மெட்ராஸ் வந்தது. அப்புறம் போர், பல பத்தாண்டு இடைவெளி. 2019 அக்டோபரில்தான் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் மறுபடி நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

செலவுக் கணக்கு எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அந்தத் தாளில் ஒடியற்கூழ் கொட்டிவிட்டது. நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் பனங்கிழங்கு மாவோடு சேர்ந்து புளிப்பும் உறைப்புமாகக் கொதிக்கும். மூன்று கிண்ணம் குடித்தேன். டாக்சிக்காரரைக்கூட அந்த நேரத்தில் மன்னித்திருந்தேன்.

திரும்பும்போது மீனம்பாக்கத்தில் இறங்கி நேராக மெட்ரோவுக்கு நடந்தேன். சென்ட்ரல் வரை ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. பாஸ்போர்ட் இருக்கா என்று யாரும் கேட்கவில்லை.