ஆரத் திசைவேகம் அளக்கையில் ஹெடரை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு விண்மீன் நம் பார்வைக் கோட்டில் நெருங்கும் அல்லது விலகும் வேகமே ஆரத் திசைவேகம். ஆர்க்டூரஸ் விண்மீனுக்கு அது நொடிக்குச் சுமார் −5 கி.மீ.; அதாவது நம்மை நோக்கி வருகிறது. பெங்களூரில் எங்களுக்குக் கைமாறி வந்த நிறமாலை ஃபைலிலோ அது +78 என்று விலகி ஓடியது. நிறமாலையை ஒரு மாதிரி நிறமாலையோடு (டெம்ப்ளேட்) நகர்த்திப் பொருத்திப் பார்க்கும் குறுக்கு ஒப்பீட்டில் சிகரம் கூர்மையாக இருந்தது, மென்பொருள் காட்டிய பிழையும் அரை கிலோமீட்டருக்குக் கீழே. தப்பான விடையும் இவ்வளவு அழகாக வரும் என்பதுதான் இந்த வேலையில் எரிச்சல்.

காரணம் இதுதான்: டெம்ப்ளேட் காற்று அலைநீளத்தில் இருந்தது, ஃபைல் வெற்றிட அலைநீளத்தில் இருந்தது. காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.00028, அந்த அளவுக்குக் காற்றில் அலைநீளம் குறையும். அந்த 0.00028-ஐ ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 83 கி.மீ. சொச்சம். ஃபைலின் தொடக்கத்தில் விவரங்கள் எழுதியிருக்கும் ஹெடரில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அனுப்பியவரிடம் கேட்டதற்கு, “எல்லாம் ஹெடர்லயே இருக்கு, பாருங்க” என்பதோடு பேச்சு முடிந்தது.

இதற்குத்தான் பூமிக் காற்றின் கோடுகள். 6867 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீள அலகு) தொடங்கும் ஆக்சிஜன் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து அளந்து பாருங்கள். அது நம் தலைக்கு மேலுள்ள காற்று, வேகம் பூஜ்யத்தை ஒட்டியே வர வேண்டும். 83 வந்தால் காற்று–வெற்றிடக் குழப்பம். −22, +17 என்று ஏதாவது வந்தால், பூமியின் இயக்கத்துக்கான திருத்தத்தை யாரோ முன்பே போட்டுவிட்டார்கள். நீங்களும் போட்டால் இரட்டிப்பு, 30 கி.மீ. வரை பிசகும்.

அடுத்த தலைவலி நேரம். ஹெடரில் 02:30 என்றிருந்தது, UTC (உலகப் பொது நேரம்) என்று குறிப்பும் இருந்தது. அப்படியானால் இந்திய நேரம் காலை 8 மணி, வெயில் ஏறியிருக்கும். ஆக அது இந்திய நேரம்தான். ஐந்தரை மணி கழித்தால் 21:00, தேதியும் ஒரு நாள் பின்னே போக வேண்டும். மணியை மாற்றிவிட்டுத் தேதியை விட்டால் பூமியின் சுற்றுப்பாதை வேகத்தில் மட்டும் அரை கி.மீ. வரை தவறும். மணியையே மாற்றாவிட்டால் பூமியின் தற்சுழற்சி அதே அளவுக்குக் கெடுக்கும். திருத்தத்துக்கு எக்ஸ்போஷரின் நடு நேரத்தைக் கொடுங்கள், தொடக்க நேரத்தை அல்ல.

இவை சரியானதும் ஆர்க்டூரஸின் வேகம் −5-ஐ ஒட்டி வந்து நின்றது. வேகம் தெரிந்த விண்மீனில் அந்த நிம்மதி கிடைத்த பிறகே நாம் அளக்க வேண்டிய விண்மீனைத் தொட வேண்டும்.

நிறமாலையைப் பல வரிசைகளாகப் பிரித்துப் பதியும் ஹான்லே (லடாக்) எஷெல் கருவியின் 60,000 பகுதிறனில்கூட (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) ஒரு கோட்டின் அகலம் 5 கி.மீ. இருக்கும். அதற்குள் நுணுக்கமாக அளக்க நூற்றுக்கணக்கான கோடுகள் வேண்டும். குளிர்ந்த விண்மீன்களுக்கு 5000–5600 ஆங்ஸ்ட்ராம் பகுதி நல்லது. சோடியம் டி கோடுகளை ஒதுக்குங்கள், விண்மீனிடை வாயு அங்கே கலந்திருக்கும். வரிசைகளின் மங்கிய ஓரங்களையும் வெட்டிவிடுங்கள். வேகமாகச் சுழலும் வெப்ப விண்மீனுக்கு கே வகை ராட்சத விண்மீனின் டெம்ப்ளேட் ஒத்துவராது.

பிழையை மென்பொருள் சொல்லும் எண்ணில் பார்க்காதீர்கள். எஷெல் வரிசை ஒவ்வொன்றிலும் தனித்தனியே வேகம் எடுத்து, அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். சிவப்புப் பக்க வரிசைகள் மட்டும் ஒரே திசையில் விலகினால், அலைநீள அளவுகோலாகப் பயன்படும் தோரியம்–ஆர்கான் விளக்குப் படத்தில் ஆர்கான் கோடுகள் நிரம்பி வழிந்து பக்கத்துக் கோடுகளைக் கெடுத்திருக்கலாம். அதைச் சரிபார்க்க மூல விளக்குப் படம் கையில் இருக்க வேண்டும். ஃபைல் வாங்கும்போதே எக்ஸ்போஷருக்கு முன்னும் பின்னும் எடுத்த விளக்குப் படங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.