முதலை வயிற்றில் யார் சோறு போட்டார்கள்?

அவிநாசிக்கு நான் போகாத வருடமில்லை. நடை தெரிந்த கோயில் என்பதால் செருப்பு விட்டு, உள்ளே போய், பெருங்கருணை நாயகியைக் கும்பிட்டு வெளியே வர 20 நிமிடம்தான் எனக்கு. போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். 6 வயது. அன்றைக்கு ஆன நேரம் இரண்டரை மணி.

வாசலில் இருக்கும் விளக்குத்தூணிலேயே நின்றுவிட்டாள். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற சிற்பம் அது. எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருப்பேன்! கதையைச் சொன்னேன். சேரமான் பெருமாளைப் பார்க்கச் சுந்தரர் இந்த வழியாகப் போகிறார். ஊருக்கு அப்போது திருப்புக்கொளியூர் என்று பெயர். தெருவில் ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. என்னவென்று கேட்கிறார். 5 வயதில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து குளிக்கப் போய், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடினார். நான்காவது பாட்டில் ‘கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே’ என்றதும் முதலை வந்து பிள்ளையைக் கரையில் விட்டது. அதுவும் இடையில் போன வருடங்களுக்கான வளர்த்தியோடு.

“ஏனுங் அப்புச்சி, உள்ளே அவனுக்கு யாரு சோறு போட்டாங்க?”

“சாமி போட்டிருக்கும் அம்மணி.”

“முதலையும் அதே சோத்தைத் தின்னுச்சுங்களா?”

சிரித்துவிட்டு உள்ளே நடந்தேன். அவள் விடவில்லை. இருட்டா, பேச்சுத்துணைக்கு யார், பல் விழுந்து முளைத்ததா? அவளுக்கே முன்பல் இரண்டு இல்லை, அந்தக் கவலை. அம்மன் சந்நிதிக்குப் பின்சுவரில் இருக்கும் தேளைப் பார்த்ததும் ஐந்து நிமிடம் முதலையை மறந்தாள். எத்தனை கால் என்று எண்ணினாள். நானும் எண்ணினேன், இத்தனை வருடத்தில் அதற்கு முன் எண்ணியதில்லை.

பிரகாரத்தில் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்த வீட்டு அழுகை தெருவுக்குப் பழகியிருக்கும். பிள்ளை போய் வருடங்கள் ஆகிவிட்டன, என்ன செய்வது என்று கடந்து போயிருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான். வழியில் போன ஒருவர் நின்று “இங்கே என்ன?” என்று கேட்டதால்தானே பதிகமே பிறந்தது. பெற்றவர்கள் அழுத முகத்தை மாற்றிக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு அவரைத் தொழ வந்தார்கள் என்கிறது பெரியபுராணம். அந்த இடம் எத்தனையோ முறை படித்ததுதான். பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தபோது நினைத்ததும் தொண்டை அடைத்தது.

அப்புறம் குளத்துப் பக்கம் போனோம். கரையில் நின்று வெகுநேரம் தண்ணீரையே பார்த்தாள். முதலைக்குத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அப்புச்சி, பையன் பெருசாயித்தானே வந்தான்? அவங்கம்மாவுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“அம்மாவுக்குத் தெரியாதா?”

“அதான் எப்படீங்க?”

என்னிடம் பதில் இல்லை. திருமுருகன்பூண்டிக்கும் போய்விட்டுத் திரும்பலாம் என்றுதான் கிளம்பியிருந்தோம். நேரமாகிவிட்டது, வீட்டுக்கே வந்துவிட்டோம்.

வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் அம்முச்சியிடம் அதையே கேட்டாள். அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிராமல், “முட்டியில விழுந்து பட்ட வடு இருந்திருக்கும். அது மறையுமா?” என்றாள்.

பேத்தி பாவாடையைத் தூக்கி இரண்டு முட்டியையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. முகம் சுண்டிவிட்டது.

“அம்முச்சி, எனக்கு எங்கீங்க இருக்குது?”

அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு அவளைத் திருப்பி நிறுத்தி, தலைமுடியை விலக்கிப் பின்கழுத்தில் தேட ஆரம்பித்தாள் என் வீட்டுக்காரி. கண்ணாடியை எடுத்துக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.