பாட்டு கேக்குது, பாடறவரைக் காணோம்

எல்லாம் நாற்காலிச் சக்கரத்தால் வந்தது. என் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனுடன் வந்த கேபிள் மூன்று மீட்டர் நீளம். கூடத்தில் சோபாவில் சாய்ந்து கேட்கிறவர்களுக்கு அது சரி. ஆம்ப்பை, அதாவது ஆம்ப்ளிஃபயரை, மேசையிலேயே வைத்திருக்கும் எனக்கு ஒன்றரை மீட்டர் கூடத் தேவையில்லை. மீதியெல்லாம் காலடியில் சுருண்டு கிடக்கும். அதன் மேல் சக்கரம் ஏறி ஏறி, ஒரு நாள் வலது காது விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. ப்ளக் பக்கத்தில் கேபிளை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் சத்தம் வரும், விட்டால் போய்விடும். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

இந்த ஹெட்ஃபோனில் கேபிளைக் கழற்றி மாட்டலாம். சென்ஹைசரின் 580, 600, 650 மூன்றுக்கும் ஒரே இரண்டு கால் (பின்) கனெக்டர்தான். ஒரு கால் தடி, இன்னொன்று ஒல்லி, அதனால் தலைகீழாகச் செருக முடியாது. இதை நம்பி ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. வெள்ளி பூசிய செம்பு, முழு வெள்ளி என்று ஹெட்ஃபோன் விலைக்கே கேபிள் விற்கிறார்கள். வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மைதான். எவ்வளவு நன்றாக என்றால், ஆறு சதவீதம் வாக்கில். செம்புக் கம்பியைக் கொஞ்சம் தடியாக எடுத்தால் அந்த ஆறு சதவீதம் வந்துவிடும். சரி, நாமே செய்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

வாங்கியது கனாரே எல்-4இ6எஸ், இரண்டு மீட்டர். மேடைக் கச்சேரிக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் மைக்குக்கு வாங்கும் ஜப்பான் கேபிள் இது. உள்ளே இரண்டு நீலம், இரண்டு வெள்ளை என நான்கு கம்பிகள். ஒவ்வொன்றிலும் 0.08 மில்லிமீட்டரில் நாற்பது இழைகள், தலைமுடியைப் பிரிப்பது போல இருக்கும். ஒரே நிறக் கம்பிகள் எதிரெதிரே இருக்கும்படி நான்கையும் முறுக்கியிருப்பார்கள். மைக்குக்கு அது இரைச்சலைக் குறைக்க. நான் இரண்டு நீலத்தை இடது காதுக்கும் இரண்டு வெள்ளையை வலது காதுக்கும் என்று பிரித்துக்கொண்டேன். எதிரெதிர்க் கம்பிகள் ஜோடியானால் ஒரு ஜோடியின் சிக்னல் மற்றதில் கசிவது குறையும். கணக்கு சரிதான். ஆனால் ஒரே நிறத்தில் இரண்டு கம்பி இருக்கிறதே, எது சிக்னல் போகும் கம்பி, எது அது திரும்பி வரும் ரிட்டர்ன்? ஒவ்வொரு ஜோடியிலும் சிக்னல் கம்பிக்கு இரு முனையிலும் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். இந்த நூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கால் கனெக்டர் ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இல்லை. ஆன்லைனில் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன்.

அந்த கனெக்டரில் ஈயம் வைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான இடம். சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக், அதில் இரண்டு காலும் ஊசி போல நிற்கும். 25 வாட் அயனை மூன்று வினாடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, கால் மெல்லச் சாயும். சாய்ந்த கால் ஹெட்ஃபோனுக்குள் போகாது. முதல் கனெக்டரை அப்படித்தான் பலி கொடுத்தேன். அப்புறம் ஒரு வழி பிடிபட்டது. பழைய ஹெட்ஃபோன் ஒன்றிலிருந்து கழற்றிய பெண் சாக்கெட்டில் கனெக்டரைச் செருகிவிட்டு ஈயம் வைத்தேன். சாக்கெட் சூட்டை வாங்கிக்கொள்கிறது, கால்களையும் நேராகப் பிடித்துக்கொள்கிறது. கம்பிக்கும் காலுக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசி வைத்துவிட வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து அயன் முனையால் ஒரு தொடு தொட்டால் போதும். ஈயம் பளபளவென்று உருகி ஒன்றாகிவிடும். மங்கலாக, மணல் போல நின்றால் அது சரியான ஒட்டு இல்லை, திரும்பச் செய்ய வேண்டும்.

வலது காதுப் பக்கம் அவ்வளவு அழகாக வந்தது. போட்டோகூட எடுத்தேன். எடுத்த பிறகுதான் மேசையில் கனெக்டரின் மூடி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மூடியை முதலில் கம்பியில் கோத்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். கேபிள் செய்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். கனெக்டரைப் பிரித்து, முனையை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, மறுபடி சீவினேன். வெட்டிய துண்டோடு சிவப்பு நூலும் குப்பைக்குப் போனது. மணி பதினொன்று தாண்டியிருந்தது. இந்தக் கம்பிதான் மேல் பக்கம் இருந்தது என்று நினைவை நம்பி ஈயம் வைத்தேன். எந்த முனை எதோடு சேர்கிறது என்று மல்டிமீட்டரை வைத்து ஒரு பீப் அடித்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

மாட்டிக் கேட்டேன். இடது இடதில் வந்தது, வலது வலதில் வந்தது. ஷார்ட் இல்லை. இசை மட்டும் ஏதோ பெரிய மண்டபத்தில் விரிந்துகிடப்பது போல இருந்தது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் நண்பன் வந்தான். அவன் எச்டி 600-க்கு ஒரு சம்பளத்தைப் போட்டு வெள்ளி பூசிய கேபிள் வாங்கி வைத்திருப்பவன். கண்ணை மூடி ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "மச்சான், ஸ்டேஜ் எப்படி விரிஞ்சிருக்கு பாத்தியா? காதுக்கு வெளிய போகுதுடா" என்றான். பாஸ் கொஞ்சம் மெலிவா இல்லையா என்று கேட்டேன். "டைட்டா இருக்குடா, அதான் அப்படித் தெரியுது" என்றான். அந்த பதில் எனக்கும் வசதியாக இருந்தது.

அம்மாவுக்கு ஹெட்ஃபோன் எல்லாம் பழக்கமில்லை. இளம் வயதில் வீணை கற்றவர். இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு, கேட்டுப் பாரும்மா என்று தலையில் மாட்டிவிட்டேன். ஆலாபனை பாதிகூட ஆகியிருக்காது, கழற்றிவிட்டார்.

"பாட்டு ரெண்டு காதுலயும் கேக்குது. பாடறவரைத்தான் காணோம்."

மல்டிமீட்டரை எடுத்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. வலது பக்கம் தடிக்காலும் ஒல்லிக்காலும் மாறிப்போயிருந்தன. இடது டயஃப்ரம் (ஒலி எழுப்பும் சவ்வு) முன்னால் தள்ளும்போது வலது பின்னால் இழுக்கிறது. இரண்டு காதுக்கும் ஒரே அலை ஒரே நேரத்தில் வந்தால்தான் மூளை குரலை நடுவில் உட்கார வைக்கும். ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் வந்தால் எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பூசிவிடும். மோனோ பதிவில் குரல் நடுநெற்றியில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். நாங்கள் விரிந்த ஸ்டேஜ் என்று கொண்டாடியது, குரல் நிற்க இடமில்லாமல் அலைந்ததைத்தான். பாஸ் மெலிந்ததும் அதனால்தான்.

அன்றிலிருந்து நான் செய்யும் எந்த கேபிளுக்கும் முதல் சோதனை ஒரு மோனோ பாட்டு. அதற்கு முன்னால், மூல கேபிளில் எந்தக் கால் ப்ளக்கின் ஸ்லீவோடு (ரிட்டர்ன் சேரும் அடிப் பகுதி) சேர்கிறது என்று பீப் அடித்துப் பார்த்து, காகிதத்தில் எழுதி, அதன் பக்கத்திலேயே புது கேபிளின் பட்டியலும்.

திருத்திய பிறகு நண்பனுக்கு முகம் சுருங்கியது. முன்னால் இருந்த விரிவு போய்விட்டதாம். சரி, உன் வெள்ளிக் கேபிளையும் கொண்டுவா, கண்ணைக் கட்டிப் பார்ப்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனை நடுவராகப் பிடித்தோம். அவன் நாணயத்தைச் சுண்டி, தலையா பூவா பார்த்து கேபிளை மாட்டுவான். எடை தெரியக்கூடாது என்று கேபிளின் மேல் துண்டைப் போட்டு அவனே தூக்கிப் பிடித்துக்கொள்வான். பதினாறு சுற்று. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக வர நான்கு சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். நண்பன் ஒன்பது சொன்னான். நான் ஏழு. "மாமா, நாணயமே உங்களவிட நல்லா சொல்லும் போல" என்றான் பையன்.

நண்பன் விடவில்லை. கேபிளை மாற்ற அரை நிமிடம் ஆகிறது, அதற்குள் காது மறந்துவிடும் என்றான். நியாயமான பேச்சு, எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் காதை விட்டுவிட்டு அளந்தோம்.

முதலில் தடை. சாதாரண மல்டிமீட்டரின் சொந்த ஒயரே கால் ஓம் காட்டும், அதை வைத்துக் கேபிளை அளப்பது வீண். கேபிளின் காது முனையில் இரண்டு காலையும் இணைத்துவிட்டு, ப்ளக் பக்கத்திலிருந்து ஒரு ஆம்பியர் மின்னோட்டம் அனுப்பி, எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று தனி ஒயரில் பார்க்க வேண்டும். என்னுடைய 1.3 மீட்டர் கேபிளில் 240 மில்லிவோல்ட், அதாவது 0.24 ஓம். அவனுடையது நீளம், கம்பியும் மெலிது. 0.54 ஓம்.

அப்புறம் கழித்தல். ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போதே காதுப் பக்கக் கால்களிலிருந்து மெல்லிய ஒயர் எடுத்து, ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸில் விட்டு, ஒரே பாட்டை இரண்டு கேபிளிலும் பதிவு செய்தேன். ஆம்ப் வால்யூமைத் தொடவே இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் சாம்பிள் சாம்பிளாக ஒட்டவைத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் வித்தியாசம் மட்டும் மிஞ்ச வேண்டும். மிஞ்சியது, சுமார் 60 டெசிபல் கீழே, அதே பாட்டின் நிழல். நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா, இருக்கு!"

இருந்தது. ஆனால் கணக்குப் போட்டால் 0.3 ஓம் வித்தியாசத்தை ஹெட்ஃபோனின் சொந்த மின்மறுப்பான 300 ஓமால் வகுத்தால் ஆயிரத்தில் ஒன்று. அதுதான் 60 டெசிபல். ஒரு பதிவின் அளவை டெசிபலில் நூறில் ஒரு பங்கு வாக்கில் நகர்த்தியதும் பாட்டு அநேகமாக மறைந்து இரைச்சல் மட்டும் நின்றது. அந்த அளவுக்கு வால்யூம் குமிழை நான் வேண்டுமென்றே திருப்ப நினைத்தாலும் முடியாது.

வித்தியாசம் இவ்வளவு சின்னதாக இருந்ததற்கு இதே 300 ஓம்தான் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களில் நாலைந்து ஆர்மேச்சர் (குட்டி ஒலிப்பான்) வைத்தவை உண்டு. ஒரு அதிர்வெண்ணில் 40 ஓம் இருக்கும், இன்னொன்றில் 5 ஓமுக்கு இறங்கிவிடும். அதில் மொத்தம் ஒரு ஓம் தடையுள்ள மெலிந்த கேபிளைப் போட்டால், 40 ஓம் இடத்தில் 0.2 டெசிபல் குறையும், 5 ஓம் இடத்தில் 1.6 டெசிபல் குறையும். அது காதுக்கே தெரியும். கேபிளில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன்.

எனக்குக் கேபிளில் பெரிய தலைவலி வேறு இடத்தில் இருந்தது. கனாரேயின் ஆறு மில்லிமீட்டர் உறை தோட்டத்து ஹோஸ் மாதிரி விறைப்பு. காதுப் பக்கம் உறையை உரித்து, கம்பிகளைப் பாராகார்ட் துணி உறையில் கோத்தேன். பார்க்க அழகு. ஆனால் தலையைத் திருப்பினால் சட்டைக் காலரில் உரசி சர் சர் என்று காதுக்குள் கேட்கும். மெல்லிய கச்சேரியில் தம்புராவை விட அது சத்தமாக இருந்தது. துணியை உருவிவிட்டுக் கம்பிகளை வெறுமனே முறுக்கிவிட்டேன். இப்போது பார்க்கச் சுமார், கேட்க நிம்மதி. நாற்காலிச் சக்கரத்துக்கும் எட்டாது.

போன வாரம் நண்பன் போன் செய்தான். அவனுக்கும் ஒன்று செய்து தர வேண்டுமாம், 1.3 மீட்டரில். கனெக்டருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டான்:

"மச்சான், மொதல்ல செஞ்சியே, அந்த மாதிரியே பண்ணிக் குடுக்க முடியுமா?"