லேபிள் எங்களுடையது, அச்சு யாருடையது?

நானும் நண்பனும் டெக்னோ இசையை வினைல் ரெக்கார்டாக வெளியிடும் லேபிள் தொடங்கியபோது, 'சுயாதீனம்' என்றால் சோனி, யுனிவர்சல், வார்னர் என்ற மூன்று பெரிய இசை நிறுவனங்களுக்கும் இதில் பங்கு கிடையாது, அவ்வளவுதான். மூன்றாவது ரெக்கார்டில்தான் கண் திறந்தது.

பிரஸ்ஸிங் செலவை, அதாவது தட்டு அச்சடிக்கும் செலவை, ரெக்கார்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் டிஸ்ட்ரிபியூட்டரே போடுவார். விற்ற பணத்தில் முதலில் அதைக் கழித்துக்கொள்வார், அப்புறம் கமிஷன், மிச்சம் இருந்தால் நமக்கு. கையில் காசில்லாத எங்களுக்கு வரமாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டோம்.

சரிபார்க்க அடிக்கும் மாதிரித் தட்டான டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்தது. பி பக்கத்தின் கடைசி டிராக்கில் ஹை-ஹாட் (டிரம்ஸில் ஜால்ரா மாதிரி ஒலிப்பது) 'ட்ஸ்' என்று விழாமல் 'ஷ்ஷ்' என்று கரைந்தது. தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒரே நேரத்தில் ஊசி ஓடும் தூரம் குறையும். கூரான ஒலிகள் முதலில் அங்கேதான் சிதையும். அச்சுக்கான மூலத் தட்டில் பள்ளத்தை மறுபடி கட் பண்ணச் சொன்னேன். "தேதி தள்ளிப்போகும், செலவு எங்களுது. ஓகே சொல்லிடுங்க" என்றார்கள் டிஸ்ட்ரிபியூட்டர் தரப்பில். சொல்லிவிட்டோம். அந்த ரெக்கார்டை இன்றுவரை முழுசாகப் போட்டுக் கேட்டதில்லை.

வேடிக்கை, 300 பிரதியும் தீர்ந்தது. இன்னும் கொஞ்சம் அடிக்கலாம் என்று தொழிற்சாலைக்கே எழுதினோம். தட்டு அடிக்கும் அச்சான ஸ்டாம்பர் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் இருக்கிறது, அவர்கள் சொன்னால்தான் அடிப்போம் என்று பதில்.

இந்தக் குழப்பம் பழசுதான். 1980-ல் பிரிட்டனில் தொடங்கிய, சுயாதீன ரெக்கார்டுகளுக்கான விற்பனைப் பட்டியலான இண்டி சார்ட், டிஸ்ட்ரிபியூஷனை வைத்தே சுயாதீனத்தை அளந்தது. அதனால் பி.டபிள்யூ.எல். என்ற லேபிள் வெளியிட்ட கைலி மினோக்கின் பாப் பாட்டுகளும் அதில் ஏறின. 2009-ல் விதியை மாற்றி, லேபிள் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கென்னவோ, டெட்ராய்டின் டெக்னோ குழுவான அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்காரர்களுக்கு இரண்டும் முக்கியம் என்று தெரிந்திருந்தது: லேபிளோடு நிற்காமல் சப்மெர்ஜ் என்று டிஸ்ட்ரிபியூஷனையும் தங்கள் பக்கமே வைத்துக்கொண்டார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு நோட்டீஸ் கொடுத்து வெளியே வர பல மாதம். எங்கள் பாட்டுகளை ஆன்லைனில் ஏற்றியதும் அவர்கள்தான் என்பதால், டிஜிட்டல் பக்கம்தான் உயிரை வாங்கியது. புது இடத்தில் அதே ஆடியோ கோப்பு, அதே பார்கோடு, ஒவ்வொரு டிராக்குக்கும் அதே 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒலிப்பதிவின் அடையாள எண்) கொடுத்து ஏற்ற வேண்டும். அது ஆன்லைன் கடைகளில் தெரிந்த பிறகே பழையதை இறக்கச் சொல்ல வேண்டும். ஒரு டிராக்குக்கு எண் போட மறந்தேன். சிஸ்டம் தானாகப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது. சேர்ந்திருந்த கேட்பு எண்ணிக்கை பூஜ்யம். தப்பு என்னுடையதுதான். புது இடத்தைத் தேடும்போது அது யாருடையது என்றும் பார்த்தோம்: தி ஆர்ச்சர்ட் என்ற டிஸ்ட்ரிபியூஷன் நிறுவனம்கூட 2015 முதல் முழுக்க சோனியுடையது.

இப்போது தொழிற்சாலைக் கணக்கு எங்கள் பெயரில். முன்பதிவுப் பணம் சேர்ந்தால்தான் கட்டிங். ஹை-ஹாட் நிறைந்த டிராக் வெளி விளிம்பில், அடங்கிய டிராக் உள்ளே.

இதையெல்லாம் அந்த மூன்றாவது ரெக்கார்டைச் செய்த பையனிடம் பெருமையாகச் சொன்னேன். "சரி, என் மாஸ்டர், அதான் மூல ஒலிப்பதிவு, எவ்வளவு நாளைக்கு உங்ககிட்ட இருக்கும்?" என்றான். எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 'நிரந்தரமாக' என்று இருந்தது. அவனை உட்காரவைத்தே அதை அடித்து, 'ஐந்து ஆண்டு உரிமம்' என்று எழுதினேன்.