அப்பப்பாட கூத்துக் கொப்பி

அப்பப்பாட கூத்துக் கொப்பியத் தூக்கிக்கொண்டு போன கிழமை மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம், பழைய புத்தகங்களப் படமெடுத்து வைக்கிற ஒரு சின்ன புத்தகச் சங்கத்துக்குப் போனன். சங்கத் தலைவர் எண்டதும் நான் நினைச்சது பொன்னாடை, மாலை, மைக், ரெண்டு மணித்தியாலப் பேச்சு (அப்பிடித் தலைவர்மார நிறையக் கண்டாச்சி). போய்ப் பார்த்தா ரிட்டயர்ட் வாத்தியார் ஒராள், சாரத்தோட நிலத்தில இரிந்து பெயின்ட் பிரஷ்ஷால தாள் தாளாத் தூசு தட்டிக்கொண்டிரிக்கார்.

கொப்பி 78 சூறாவளில நனைஞ்சது, தாளெல்லாம் ஒட்டி, பூச்சி அரிச்சது வேற. "இழுத்துப் பிரிச்சிராத மனே, பிஞ்சிரும்" எண்டுபோட்டு மெல்லிசான தகடு ஒண்ட உள்ளுக்க விட்டு ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமாப் பிரிச்சார், ஒரு தாளுக்குப் பத்து நிமிசம் போகுது, எனக்கெண்டா பொறுமையே இல்ல. செயலாளர் அக்கா ஸ்கேனர்ல கவிழ்த்துப் போட விடவேயில்ல, தையல் விட்டிருமாம், மேல இரிந்து கமராவாலதான் எடுத்தா.

மறுகா டீ குடிக்கக்க தமிழறிஞர் விபுலாநந்த அடிகளப் பத்திக் கதை வந்திச்சி. காரைதீவில 1892ல பிறந்த மனிசன், பழந்தமிழ் இசையப் பத்தி வருசக்கணக்கா ஆராய்ஞ்சு எழுதின யாழ் நூல் 1947ல வெளிவந்திச்சி, அதே வருசமே கண்ண மூடிட்டார். 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதும் கதைச்சம், 2005ல தொடங்கின 'நூலகம்' எண்ட இணைய நூலகத்தில நம்மட ஊர்ப் பழைய விழா மலர்கள் தேடினதும் கதைச்சம்.

கொப்பிட கடைசித் தாளில கூத்து இல்ல, அப்பப்பா எழுதின மீன் கணக்கு. அத விடுங்க சேர் எண்டன். "அந்த நாளையில மீன் வித்த விலைய பிறகு எங்க மனே தேடுற?" எண்டு அதையும் எடுக்கச் சொன்னார்.