களிமண்ணில் ஒரு விடைத்தாள்

இன்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செராமிக் கலைஞர் வந்திருந்தார். பானை செய்யக் கற்றுத்தருவார் என்று நினைத்தேன். மனிதர் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பரப்பிவைத்த சூரியகாந்தி விதைகளின் படத்தைக் காட்டினார். சுமார் 10 கோடி விதைகள், எல்லாமே பீங்கான், எல்லாமே கையால் வண்ணம் தீட்டியவை.

"இதை எதுக்கு சார் செய்யணும்?" என்றான் கடைசி பெஞ்ச் பையன். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன் (வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா), அவர் கண்ணாலேயே நிறுத்திவிட்டார். அவன் கையில் ஒரு களிமண் உருண்டையை வைத்து, "உன் பையில இருக்கிற எதையாவது இதுல செய்" என்றார்.

அரை மணி நேரத்தில் மேசை முழுக்க ஒடிந்த ஸ்கேல், கண்ணாடிக் கூடு, பேனா மூடி. அவன் செய்தது ஒரு கசங்கிய விடைத்தாள். மண்ணை மெல்லிசாகத் தேய்த்து, ஓரத்தை மடக்கி, மதிப்பெண்ணைக் குச்சியால் கீறியிருந்தான்.

ஈரம் போகாமல் சூளையில் வைத்தால் உள்ளே நீராவி சேர்ந்து வெடித்துவிடும், அதனால் நன்றாகக் காயட்டும் என்றார். காய்ந்து, சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுமாம்.

"அப்போ மார்க்கும் சுருங்குமா சார்?"

அவன் கீறியிருந்தது 7.