காலே பாதையான ஊர்

மஃபாத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது பாதங்களைத்தான். இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மாத்திரைச் சீட்டு எல்லாம் அதன் பிறகு. இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள ரெயூனியன் தீவின் நடுவே 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது பித்தோன் தே நேஜ் சிகரம். அதைச் சுற்றி, செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த மூன்று பெரிய மலைக்கிண்ணங்கள். சிலாவோஸுக்கும் சலாசிக்கும் சாலை உண்டு, மஃபாத்துக்குக் கிடையாது. உள்ளே போக நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். லா நுவேல், மார்லா, ரோஷ் பிளாத், ஒரேர், கிராண் பிளாஸ் என்று ஆழ்ந்த ஓடைப் பள்ளங்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் சமதளத் துண்டுகளில் ஏறத்தாழ 700, 800 பேர் வாழ்கிறார்கள். அந்தத் துண்டுகளுக்கு இங்கே ஈலே என்று பெயர். கால் நின்றுபோனவருக்கு அங்கே தோட்டம் இல்லை, கடை இல்லை, பக்கத்து வீடு இல்லை. கடைசியில் ஊரே இல்லை.

நான் காரைக்காலில் பிறந்தவள். புதுச்சேரி, காரைக்கால் போன்ற பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். பிரான்சில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்தேன். கடலோர ஊர்களில் நம் வம்சாவளியினர் நிறைய இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியினர். தீமிதியும் காவடியும் குறைவில்லாமல் நடக்கும். வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து உருவான தீவின் மொழியான கிரியோலாகிவிட்டது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிற்காலத்தில் வந்த எங்களைப் போன்ற சில குடும்பங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம். அப்படி ஒரு குடும்பத்து அக்கா எனக்கு முன்பே மலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நான் முதன்முறையாகப் பை அடுக்கியபோது பக்கத்தில் நின்று, "தங்கச்சி, கட்டுத்துணியைக் கூடுதலாக எடுத்துக்கொள். மேலே இருப்பவர்கள் நடந்தே வாழ்கிறவர்கள். என்ன வந்தாலும் காலில்தான் முதலில் தெரியும்" என்றார். மருத்துவப் பாடநூல் எதுவும் இதை எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சலாசிப் பக்கமாக வந்தால் 1,956 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் தே பெஃப் கணவாய்க்குப் பக்கம் வரை வண்டி வரும். அங்கிருந்து இறக்கம். லா நுவேலுக்கு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், மார்லாவுக்கு இன்னும் அதிகம். காலையில் மலைக்கிண்ணம் முழுவதும் துலக்கமாகத் தெரியும். வெயில் ஏற ஏற, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவுகளில் மேகமாகத் திரளும். நண்பகலுக்குள் அடுத்த ஈலேகூடத் தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. மேகம் மூடிவிட்டால் ஹெலிகாப்டரை எதிர்பார்க்க முடியாது. அதனால் இங்கே மருத்துவ முடிவுகளை முற்பகலிலேயே எடுக்க வேண்டும். காய்ச்சல் தணிகிறதா என்று மாலை வரை பொறுத்துப் பார்ப்பது கடலோரத்தில் சரியான மருத்துவம்; மேலே அது ஒரு முழு இரவைப் பணயம் வைப்பது. பிரசவத்துக்கு நாள் நெருங்கும் பெண்களை முன்கூட்டியே கீழே அனுப்பிவிடுவதும் இதனால்தான்.

ரெயூனியனில் நீரிழிவு மிகப் பரவலான நோய். மலை மக்கள் நாள்தோறும் நடக்கிறார்கள், அவர்களுக்கு வராது என்று நினைப்பவர்கள் உண்டு. வருகிறது. நீண்ட நாள் சர்க்கரை நரம்பைக் கெடுத்து, பாதத்தின் உணர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். அதைக் கண்டறிய எங்களிடம் இருப்பது மிக எளிய கருவி: வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்போம். நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒரு தாத்தா, பெருவிரலுக்குக் கீழே தொட்டபோது மௌனமாக இருந்தார். அதே இடத்தில் செருப்புக்குள் புகுந்த கல் ஒன்று புண்ணாக்கியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அந்தக் காலோடு பீன்ஸ் தோட்டத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட புண்ணுக்கு முதல் மருந்து, அந்தக் காலில் பாரம் விழாமல் காப்பது. நடந்தே வாழ்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் மட்டும் போதாது. தண்ணீர், விறகு, கோழித் தீனி, யார் எதைச் செய்வார்கள் என்று அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் கட்டுப் போட்டேன். நரம்பு கெட்ட பாதத்துக்கான சிறப்புச் சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருகிறது, உண்மைதான். ஆனால் அந்த நிபுணர்களின் சிகிச்சையறைகள் கடலோர ஊர்களில் இருக்கின்றன.

உள்ளங்காலைத் தானே பார்த்துக்கொள்வது முதியவர்களுக்குக் கடினம். குனிய முடியாது, கண்ணும் மங்கல். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் கண்ணாடியை வைத்துக் காட்டும், சிவப்பாக இருக்கிறது தாத்தா என்று சொல்லும். ஈலேக்களில் தொடக்கப் பள்ளிகள் மட்டுமே. 11 வயதானதும் பிள்ளை கீழே போய் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க வேண்டும். என் குறிப்பேட்டில் புண்கள் கூடிய வீடுகளைப் பார்க்கிறேன். பல, பிள்ளைகள் இறங்கிப்போன வீடுகள்.

இவர்கள் ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று கீழே கேட்பவர்களுக்கு நான் வரலாற்றைச் சொல்வேன். அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடிய மக்கள் 18-ஆம் நூற்றாண்டில் ஒளிந்து வாழ்ந்த இடம் இது. தப்பியோடிய அடிமைகளை வேட்டையாடியவர்களால் 1751-இல் கொல்லப்பட்ட, அவர்களின் தலைவன் ஒருவனின் பெயரைத்தான் மலைக்கிண்ணம் தாங்கியிருக்கிறது. பின்னால் நிலமில்லாத ஏழை வெள்ளையர்களும் ஏறி வந்தார்கள். இன்றும் நிலம் குடும்பங்களுக்குச் சொந்தமில்லை. அது மாவட்ட நிர்வாகத்தின் உடைமை, வனத்துறை பராமரிக்கிறது, குடும்பங்கள் வாடகை கட்டுகின்றன. கீழே குடியேறலாம் என்று ஒரு முதியவர் எண்ணினாலும், விற்றுவிட்டுப் போக அவர் பெயரில் மனை கிடையாது.

அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டர் வலையில் தொங்கி வருகின்றன. மின்சாரத்துக்கு சூரியத் தகடுகள் இருக்கின்றன. முன்பு எல்லாமே மனித முதுகில் வந்தது. தபால்காரர் இவ்ரேன் போசே 1951 முதல் 1991 வரை இந்த ஈலேக்களுக்குக் கடிதம் சுமந்து நடந்தார். நான் ஏறும் படிகளில் அவர் வாழ்நாள் முழுவதும் நடந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரும் மரியாதையைத் தருகிறது.

புயல் காலம்தான் கடினம். அண்டை மலைக்கிண்ணமான சிலாவோஸில் 1952 மார்ச்சில் 24 மணி நேரத்தில் 1,870 மி.மீ. மழை பெய்தது, சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் தீவைத் தாக்கிய பிறகு பாதைகள் மூடப்பட்டன. சூரியன் தெரியாத நாட்களில் மின்கலம் இறங்கும், குளிர்பெட்டி நிற்கும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் முன்பே சொல்லி வைத்திருந்தோம். பதறி யாரும் மருந்தைக் கொட்டிவிடவில்லை.

அந்தத் தாத்தாவின் புண் ஆற மாதங்கள் பிடித்தன. இடையில் கடலோரத்து அலுவலகம் ஒன்று அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றும்படி எழுதியது. தனியாக இருக்கிறார், சாலை இல்லை, ஆபத்து என்றார்கள். மூன்றும் உண்மைதான். ஆனாலும் நான் எதிர்த்து அறிக்கை எழுதினேன். தோட்டத்தையும் தோழர்களையும் இழந்து நான்கு சுவருக்குள் உட்கார்ந்தவர்களின் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பதைக் கீழே கண்ணால் பார்த்தவள் நான். அவர் இன்னும் தன் ஈலேயில் இருக்கிறார். பக்கத்தில் நடைப்பயணிகளுக்குத் தங்குமிடம் நடத்தும் பெண்மணி தினமும் மாலையில் அவர் உள்ளங்காலைப் பார்த்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி எனக்குப் படம் அனுப்புகிறார். அவரைப் போல் ஈலேக்கு ஒருவரைப் பயிற்றுவித்து, அந்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை ஹெலிகாப்டர் எழும்ப ஆகும் செலவை நினைத்தால் அது பெரிய தொகை அல்ல. பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே கேட்டுக்கொண்டிருப்பேன்.